கையா, மட்டையா

காஞ்சி வீரன்ஸ் என்று ஓர் அணி இருந்தது. காஞ்சிபுரத்தில் அது ஒரு பந்தயம்கூட ஆடியதில்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அந்த ஆண்டுகளில் சேப்பாக்கத்திலும், திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரிலும்தான் நடந்தன. காஞ்சிக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டதோடு சரி. முதல் இரண்டு ஆண்டுகள் திருவள்ளூர் வீரன்ஸ், 2018இலும் 2019இலும் காஞ்சி வீரன்ஸ், பிறகு நெல்லை ராயல் கிங்ஸ் என்று மாவட்டம் மாவட்டமாகப் பெயர் மாற்றிக்கொண்டு போன அணி அது.

பெயரை விடுங்கள். அந்த அணிக்குள் ஆட்கள் வந்து சேர்ந்த வழிதான் என் விஷயம். ஐபிஎல் என்றால் சுத்தியலும் கோடிகளும் நினைவுக்கு வரும். இங்கே அது இல்லை. ஆட்டக்காரர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அணிக்காரர்கள் மேசை மேசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் முறை வரும். வந்ததும் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பெயர் அவர்களுக்கு. அடுத்த மேசைக்காரர் அதே பையனுக்காகப் பத்து லட்சம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தாலும் பயனில்லை. இந்த ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். தொண்ணூறு வயதை ஒட்டிய விதி. அமெரிக்காவில் பிறந்து, இரண்டு மூன்று விளையாட்டுகளில் வாழ்க்கைப்பட்டு, கடல் தாண்டி வந்து, தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் குடியிருந்து, கடைசியில் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து எல்லைக்குள்ளேயே இங்குள்ள கணக்கை முடித்துக்கொண்டது.

போன இடத்திலெல்லாம் அது ஒரே கேள்வியைக் கூடவே கொண்டு போனது. பட்டியலில் மிச்சமிருப்பது இரண்டு நல்ல பெயர்கள். ஒருவன் எறிகிறவன், ஒருவன் அடிக்கிறவன். உன் முறை வந்துவிட்டது. யார் வேண்டும்?

விதி பிறந்த கதை ஒரு தோற்ற முதலாளியிடம் தொடங்குகிறது. பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். 1935இல் அவருடைய அணி இரண்டே பந்தயங்களில் வென்றது, ஒன்பதில் தோற்றது. நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஏற்கெனவே ஜெயிக்கிற அணிகளுக்கே போனார்கள். பணமும் அங்கேதான் இருந்தது. பெல் மற்ற முதலாளிகளிடம் ஒரு யோசனை சொன்னார்: கல்லூரியிலிருந்து வெளியே வரும் பையன்களை நாமே பங்கு பிரித்துக்கொள்வோம், கடைசியில் வந்தவனுக்கு முதல் முறை. 1936 பிப்ரவரி 8ஆம் தேதி பிலடெல்பியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டலில் கரும்பலகையில் தொண்ணூறு பெயர்களை எழுதிப்போட்டு முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் முறை ஈகிள்ஸுக்கு. அவர்கள் சொன்ன பெயர் ஜே பெர்வாங்கர். அவர் எந்தத் தொழில்முறை அணிக்கும் ஒரு நாள்கூட ஆடவில்லை. சம்பளம் ஒத்துவரவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். விதி பிறந்த அன்றே முதல் தேர்வு வீணாயிற்று என்பதை அதன் ஜாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.

நலிந்தவனுக்கு முன்னுரிமை என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதை மறக்கக் கூடாது. பையனிடம் யாரும் கேட்கவில்லை. முன்பெல்லாம் நான்கு அணிகள் அவன் வீட்டு வாசலில் நின்றிருக்கும். இப்போது ஓர் அணிதான் பேச வரும். பேச வருகிறவர் ஒருவராக இருந்தால் விலை என்ன ஆகும் என்பது காஞ்சிபுரத்தில் ஒரே முதலாளிக்கு நெய்து கொடுக்கும் நெசவாளருக்குத் தெரியாதது அல்ல.

பேஸ்பால் இந்த விதியை எடுத்துக்கொண்ட காரணமே அதுதான். 1964இல் ரிக் ரைக்கார்ட் என்ற கல்லூரி அவுட்ஃபீல்டரைப் பிடிக்க அணிகள் முண்டியடித்தன. லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துப் பிடித்தது. முதலாளிகள் அலறிவிட்டார்கள். மறு ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் பேஸ்பாலின் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் பெயர் ரிக் மண்டே, அவரும் அவுட்ஃபீல்டர்தான். கன்சாஸ் சிட்டி அணி எடுத்தது. அவருக்குக் கிடைத்தது ரைக்கார்டுக்குக் கிடைத்ததில் ஏறத்தாழ பாதி. ஓர் ஆண்டில் சரக்கு பாதி மட்டமாகிவிடவில்லை. வாங்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு இரண்டு ஆட்களையும் அறிமுகம் செய்துவிடுகிறேன். பிட்சர் நம்முடைய பந்துவீச்சாளர் போல. ஆனால் பந்து தரையில் படாமல் நேராக மட்டைக்காரரிடம் போக வேண்டும், முழங்கையை மடக்கி எறியலாம். மணிக்கு 100 மைல் வேகம் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவுட்ஃபீல்டர் எல்லைக்கோட்டுப் பக்கம் நின்று பந்து பிடிப்பவர். ஆனால் அணிகள் அவரை எடுப்பது முக்கியமாக மட்டைக்காக. ஒரு பருவத்துக்கு 162 பந்தயங்கள். நல்ல அவுட்ஃபீல்டர் அநேகமாக எல்லாவற்றிலும் ஆடுவார், பந்தயத்துக்கு நான்கு தடவை மட்டை பிடிப்பார். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரோ ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாலு நாளும் கையை ஆறவிட வேண்டும். ஆண்டுக்கு முப்பது, முப்பத்திரண்டு ஆட்டங்கள் தேறும்.

அப்படியானால் தினம் ஆடுகிறவன்தானே லாபம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. அவுட்ஃபீல்டர் ஆண்டுக்கு அறுநூறு சொச்சம் தடவை மட்டை பிடிப்பார். பிட்சர் தன் முப்பது சொச்சம் ஆட்டங்களில், ஆட்டத்துக்கு இருபத்து மூன்று இருபத்து நான்கு பேர் என்று எழுநூறுக்கு மேற்பட்ட மட்டைக்காரர்களை எதிர்கொள்வார். ஆக, பந்தயத்தின் போக்கில் கை வைக்கிற தடவைகள் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவர் அதைச் சில்லறையாகச் செலவழிக்கிறார், இன்னொருவர் நோட்டாக.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. எறிகிற கை உடையும். முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார் ஒன்று, ஒவ்வோர் எறிக்கும் இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் அறுந்துவிடும். 1974 வரைக்கும் அறுந்தால் அதோடு முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற இடக்கை பிட்சருக்கு அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் பின்னிக் கட்டினார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். இன்று அந்த அறுவைக்கே அவர் பெயர்தான். ஆனாலும் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு போய்விடும். திரும்பி வருகிற கை பழைய கையாக இருக்கும் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுப்பதில்லை. நம் கிரிக்கெட்டில் கையை மடக்கி நீட்டி எறியக் கூடாது என்பதால் முழங்கை தப்பிக்கிறது. வேகப்பந்துக்காரரின் முதுகெலும்பும் முழங்காலும் கணுக்காலும் அந்தக் கடனைக் கட்டுகின்றன.

1965 முதல் எட்டு ஆண்டுகள் முதல் முறை வந்த எந்த அணியும் பிட்சரைத் தொடவில்லை. பயம்தான். அவுட்ஃபீல்டர்கள், மற்ற இடங்களில் நிற்கும் மட்டைக்காரர்கள் என்றே போனது. 1973இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அந்தப் பயத்தை உடைத்தது. அந்த ஆண்டு டிராஃப்டை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இந்த விதியின் வாழ்க்கையில் அதைவிடச் சுவையான அத்தியாயம் இல்லை.

ஹூஸ்டனில் டேவிட் கிளைட் என்று ஒரு பள்ளிப் பையன். பதினெட்டு வயது. பள்ளி இறுதி ஆண்டில் எறிந்த பதினெட்டு ஆட்டங்களிலும் வெற்றி. ரேஞ்சர்ஸ் அணிக்குக் கூட்டம் வருவதில்லை, கல்லா காலி. உரிமையாளர் பாப் ஷார்ட் பையனை எடுத்தார். எடுத்த கையோடு, கீழ்மட்ட லீகில் பழக்காமல், மூன்றே வாரத்தில் பெரிய மைதானத்தில் இறக்கினார். 1973 ஜூன் 27. ஆர்லிங்டன் மைதானத்தில் 35 ஆயிரத்துக்கு மேல் கூட்டம். வண்டிகள் சாலையில் சிக்கிக்கொண்டதால் ஆட்டத்தையே தாமதமாகத் தொடங்கினார்கள். பையன் ஐந்து இன்னிங்ஸ் எறிந்து, எட்டுப் பேரை ஸ்டிரைக் அவுட் செய்து, அதாவது பந்தை அடிக்கவே விடாமல் வெளியேற்றி, வென்றான். முதலாளிக்குச் சந்தோஷம். பிறகு தோள் போயிற்று. இருபத்து நான்கு வயதில் பெரிய லீகில் கடைசி ஆட்டம். கணக்கு: 18 வெற்றி, 33 தோல்வி.

அதே டிராஃப்டில் நான்காவது முறை சான் டியாகோவுக்கு. அவர்கள் எடுத்த ஆள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து டேவ் வின்ஃபீல்ட். ஆறடி ஆறு அங்குலம். கூடைப்பந்து அணிகளும் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றும்கூட அவரை அந்த ஆண்டு தங்கள் டிராஃப்டில் எடுத்திருந்தன. பேஸ்பாலில் அவர் பிட்சரும்கூட, அவுட்ஃபீல்டரும்கூட. கல்லூரி உலகத் தொடரில் எறிந்து கலக்கி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம் வாங்கியவர். ஆக சான் டியாகோ எடுத்தது ஒரே ஆளை, ஆனால் கேள்வி தீரவில்லை: இவனை எறிய விடுவதா, அடிக்க விடுவதா? மட்டையைக் கொடுத்து அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். பெரிய லீகில் அவர் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. 1995 வரை ஆடினார், 3,110 ஹிட்கள், 465 ஹோம் ரன்கள், 2001இல் புகழ்க்கூடத்தில் இடம். எறிந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதை யாரும் சொல்ல முடியாது. கிளைடை ஒரு வருடம் கீழ்மட்டத்தில் பொறுமையாகப் பழக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும்தான். மக்கள் 1973ஐச் சொல்லி, பார்த்தாயா, பிட்சரை எடுக்காதே என்பார்கள். எனக்கு அது எடுத்தவனின் அவசரத்தைப் பற்றிய கதையாகவே படுகிறது.

இங்கே கொஞ்சம் உத்திரமேரூர் வரை போய்வர வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921. பள்ளிக்கூடத்தில் குடவோலை என்று எல்லோரும் படித்ததுதான். பிலடெல்பியா முதலாளிகளுக்கு இந்தச் சுவரைப் பற்றி எதுவும் தெரியாது; ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத்தான்.

ஊர் முப்பது குடும்பாகப் பிரிந்திருந்தது. குடும்புக்கு ஒருவர் வேண்டும். யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதற்குத்தான் கல்வெட்டு அத்தனை வரிகளைச் செலவழிக்கிறது: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதக் கல்வி, கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது, முன்பு இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. பிராமண சபையின் ஏற்பாடு இது. ஊரில் நெய்தவரும் உழுதவரும் இந்தக் குடத்துக்குள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தகுதி தேறியவர்களின் ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்கி எல்லோருக்கும் கேட்கப் படித்தார். விரலை மூடினால் ஓலை மாறிவிடுமே என்கிற சந்தேகம் அந்த ஒரு விவரத்தில் எவ்வளவு அழகாகத் தெரிகிறது!

முப்பது பேர் வந்தபிறகுதான் வேலை பிரிப்பு. ஏற்கெனவே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் இருந்து பழகிய பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு. மிச்சமுள்ளவர்களில் பன்னிருவர் தோட்டத்துக்கு, அறுவர் ஏரிக்கு. அதாவது, ஏரி தெரிந்தவனா தோட்டம் தெரிந்தவனா என்ற ஒப்பீட்டைத் தேர்வு நேரத்தில் அவர்கள் வைத்துக்கொள்ளவே இல்லை. ஒரு கோடு போட்டார்கள். கோட்டைத் தாண்டியவர் எல்லோரும் சமம். யார் என்பதைச் சிறுவனின் கை தீர்மானிக்கட்டும். அமெரிக்க விதி இதற்கு நேர் எதிர். கோடு இல்லை, குடம் இல்லை. உன் முறை, உன் வாயால் பெயரைச் சொல், நாளைக்கு அது சரியில்லை என்றால் ஊர் உன்னைத்தான் கேட்கும்.

இதே சிக்கலை நம் தெருப் பிள்ளைகள் வேறு மாதிரி தீர்த்தார்கள். சடுகுடுவுக்கும் கிட்டிப்புள்ளுக்கும் ஆள் பிரிக்கும்போது உத்தி பிரிப்பது பழைய வழக்கம். பலத்தில் தங்களுக்குச் சமமான கூட்டாளி யார் என்று பிள்ளைகளே பார்த்து இரண்டிரண்டு பேராகச் சேர்வார்கள். தள்ளிப் போய் ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி தலைவர்களிடம் வருவார்கள். மல்லிகை வேண்டுமா ரோஜா வேண்டுமா என்பது போல ஏதோ ஒன்று. தலைவன் ஒரு பெயரைச் சொல்வான். அந்தப் பெயர்க்காரன் அவனுக்கு, மற்றவன் எதிரணிக்கு. யாரையும் யாரும் கடைசி ஆளாக நிறுத்தி அவமானப்படுத்துவதில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலையில் பாவு நீட்டிய தெருவில் பாவைச் சுருட்டி எடுத்தபிறகு கிரிக்கெட் ஆடுகிற பையன்களுக்கு அந்தப் பொறுமை இருக்குமோ என்னவோ. இரண்டு கேப்டன்கள், மாறி மாறி ஒரு பெயர் என்றால் அது டிராஃப்ட்தான். எவரும் அமெரிக்காவிலிருந்து வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. "பௌலிங் போடுறவன நீ எடுத்துக்கோ, எனக்கு அடிக்கிறவன் போதும்டா" என்கிற குரலும் அங்கே கேட்கும். பிறகு அடிக்கிறவன் முதல் பந்தில் போய்விடுவான்.

காஞ்சி வீரன்ஸ் அணியின் பெயருக்கு முன்னால் விபி என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. வி.பி. சந்திரசேகர், அணியின் உரிமையாளர். 1987-88 ரஞ்சி கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியின் தொடக்க மட்டையாளர். 1988 இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்தவர். முதல்தரக் கிரிக்கெட்டில் இந்தியர் ஒருவரின் அதிவேகச் சதமாக அது பல காலம் நின்றது. இந்தியாவுக்கு ஏழு ஒருநாள் பந்தயங்கள். ஆனால் ஊர் அவரை நினைவு வைத்திருப்பது ஒரு பெயரைச் சொன்னதற்காக.

2008 பிப்ரவரி 20, மும்பை. ஐபிஎல் முதல் ஏலம். ஒவ்வோர் அணியின் பையிலும் ஐம்பது லட்சம் டாலர். சென்னை அணிக்காகத் தேர்வு வேலையைப் பார்த்தவர் சந்திரசேகர். அணி முதலாளி என். சீனிவாசனின் மனத்தில் சேவாக் இருந்தார் என்றும், தோனிதான் வேண்டும் என்று நின்றவர் சந்திரசேகர் என்றும் கிரிக்கெட் வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. சேவாக் டெல்லியின் அடையாள வீரரானார். சென்னை பதினைந்து லட்சம் டாலரைத் தோனிக்குக் கொடுத்தது, பையில் பத்தில் மூன்று பங்கு. அன்றைக்கே முரளிதரனையும் எடுத்தார்கள். விலை ஆறு லட்சம் டாலர். டெஸ்ட் கிரிக்கெட்டின் ஆகப்பெரிய விக்கெட் வேட்டைக்காரருக்கு, மட்டையும் கையுறையும் வைத்திருந்தவருக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. கைக்கு அன்றைய விலை அது. 2023 டிசம்பரில் துபாயில் நடந்த ஏலத்தில் மிட்செல் ஸ்டார்க் 24.75 கோடிக்குப் போனபோது அந்தத் தராசு தலைகீழாகியிருந்தது. மறு ஆண்டே ரிஷப் பந்த் 27 கோடி. தராசு ஒரு பக்கம் நிற்பதில்லை.

ஏலத்தில் ஒரு வசதி உண்டு: பணம் பதில் சொல்லிவிடும். எட்டு லட்சத்துக்கு மேல் வேண்டாம் என்று நீ கையை இறக்கினால், தவறு உன்னுடையது அல்ல, பையினுடையது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது ஏலத்தை விட்டு டிராஃப்டை எடுத்துக்கொண்டது. பிரிவுக்கு இவ்வளவு என்று ஊதியம் முன்பே முடிவாகிவிடும். முறைப்படி பெயர் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சின்னச் சின்ன ஊர்களிலிருந்து வரும் பையன்களை, யாரிடம் பணம் அதிகம் என்ற சண்டை இல்லாமல் எட்டாகப் பிரிக்க அது தோதாக இருந்தது. அந்த முதல் ஆண்டில் திண்டுக்கல் டிராகன்ஸ் பக்கம் சேலம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் இருந்தார். யார்க்கர்களைப் பார்த்த பஞ்சாப் அணி மறு ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பத்து லட்சத்தில் தொடங்கிய அவரை மூன்று கோடிக்கு எடுத்தது. 2018இல் மதுரை பாந்தர்ஸ் கோப்பை வென்றபோது அந்த அணியில் வருண் சக்கரவர்த்தி. இளவயதில் விக்கெட் கீப்பர், மட்டையாளர். பிறகு கட்டடக் கலைஞர். திரும்பி வந்து வேகப்பந்து. முழங்காலில் அடிபட்டபின் சுழல். அந்த ஆண்டு டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் அவருக்கு 8.4 கோடி. கையா மட்டையா என்று எந்த மேசைக்காரர் கேட்டிருந்தாலும், வருணைப் பொறுத்தவரை எந்த ஆண்டில் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். தொடக்க மட்டையாளராக வளர்ந்து ஆஃப் ஸ்பின்னில் முடிந்த அஸ்வின் கதையும் அதுதான்.

காஞ்சி வீரன்ஸ் அணியின் முகமாக இருந்தவர் பாபா அபராஜித். மட்டையும் உண்டு, ஆஃப் ஸ்பின்னும் உண்டு. இடக்கைச் சுழலும் இடக்கை அடியுமாக சஞ்சய் யாதவ் இன்னொருவர். இரண்டு தொழிலும் தெரிந்தவர்களைச் சேர்த்தால் கேள்வியைத் தள்ளிப்போடலாம். ஆனால் அப்படிப்பட்டவர்கள் பட்டியலில் எத்தனை பேர் இருப்பார்கள்? கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா, அதைத் தள்ள இன்னோர் ஆள் என்பது போல, அணிக்கு இரண்டு கைகளும் தனித்தனியாக வேண்டியிருக்கிறது. அந்த அணி கோப்பை எதையும் தொடவில்லை. 2019 ஆகஸ்ட் 15 அன்று சந்திரசேகர் காலமானார், 58ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால். இந்தியாவின் ஆகப் புகழ்பெற்ற ஏலத் தேர்வைச் செய்தவருக்குத் தன் சொந்த அணியைக் கட்டும் முறை நான்கு பருவத்துக்கு மேல் கிடைக்கவில்லை. அடுத்த தொடரில் அணி நெல்லைக்குப் போய்விட்டது.

விதியும் நீடிக்கவில்லை. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு பிரீமியர் லீக் டிராஃப்டை விட்டுவிட்டு ஏலத்துக்கு மாறியது. நடந்த இடம் மாமல்லபுரம். 2019இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிகிறவரை அது காஞ்சிபுரம் மாவட்டத்துக் கடற்கரை. கோவை கிங்ஸ் சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அப்போது ஐபிஎல்லில் குஜராத் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். ஊர் லீக் பெரிய லீகைவிட அதிகம் கொடுத்த அந்த வினோதம் டிராஃப்ட் இருந்தவரை நடந்திருக்க முடியாது. ரிக் மண்டேயின் கதையைத் திருப்பிப் போட்டுப் படித்த மாதிரி. ஆட்டக்காரர் பக்கம் நின்று பார்த்தால் டிராஃப்ட் போனதற்கு நான் வருத்தப்பட மாட்டேன்.

அதே 2023இன் டிராஃப்டுக்கு, பிறந்த நாட்டில் விதிக்கு இன்னொரு மாற்றம் வந்திருந்தது. கடைசியில் வருகிறவனுக்கு முதல் முறை என்றால், வேண்டுமென்றே தோற்கிறவர்கள் கிளம்புவார்கள் அல்லவா, கிளம்பிவிட்டார்கள். அதனால் 2022 டிசம்பரில் பேஸ்பால்காரர்கள் முதன்முறையாகச் சீட்டுக் குலுக்கினார்கள், எண் எழுதிய சின்னப் பந்துகளை இயந்திரத்தில் போட்டு. உத்திரமேரூரில் ஆளைக் குலுக்கி எடுத்தார்கள். இவர்கள் முறையை மட்டும் குலுக்கி எடுக்கிறார்கள், ஆளைச் சொல்லும் பாரம் அப்படியே இருக்கிறது. முதல் முறை பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்கு விழுந்தது.

அவர்கள் முன்னால் இருந்த பட்டியலின் உச்சியில் இரண்டு பெயர்கள். இரண்டும் ஒரே கல்லூரி, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். அந்த ஆண்டு கல்லூரிக் கோப்பையும் அவர்களுடையது. பால் ஸ்கீன்ஸ், பிட்சர், ஒரே பருவத்தில் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தவர். டிலன் க்ரூஸ், அவுட்ஃபீல்டர், அந்தப் பருவத்தில் .426 சராசரி. ஒரு கல்லூரியிலிருந்து முதல் இரண்டு இடமும் அதற்குமுன் போனதில்லை. கிளைடுக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே கேள்வி, இன்னும் கூர்மையாக. ஒரே அணி, ஒரே எதிரிகள், ஒரே பயிற்சியாளர். வித்தியாசம் கைக்கும் மட்டைக்கும் இடையில் மட்டும். ஜூலை 9, சியாட்டில். பிட்ஸ்பர்க் ஸ்கீன்ஸ் என்றது. கையெழுத்துப் பணம் 92 லட்சம் டாலர். வாஷிங்டன் க்ரூஸை எடுத்தது, 90 லட்சம். சந்தை இருவருக்கும் இடையில் கண்ட தூரம் இரண்டு லட்சம் டாலர்தான்.

2024 மே மாதம் ஸ்கீன்ஸ் பெரிய லீகுக்கு வந்து, அதன் ஒரு பாதியான நேஷனல் லீகில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமானார். 2025இல் நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது ஒருமனதாக அவருக்கு. அந்த விருது ஆண்டில் அவருடைய சொந்தக் கணக்கு பத்து வெற்றி, பத்துத் தோல்வி. அவர் ரன் கொடுக்காமல் எறிந்துகொண்டே இருந்தார், பிட்ஸ்பர்க்கில் அடிக்க ஆள் இல்லை. உடையும் என்று பயந்த கை 2025 வரை உடையவில்லை. அதே 2025இல் க்ரூஸ் விலாப்புறத் தசையில் அடிபட்டு மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை வெளியே உட்கார்ந்திருந்தார்.